ஒரே மூட்டையில் கட்டப்பட்டவை: பாலியல் கோளாறுகளைப் பிரித்தறிவது எப்படி?

'சைக்கோசெக்சுவல் டிஸ்ஆர்டர்' என்று மருத்துவச் சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்ததும் பலருக்கும் நெஞ்சு பதறிவிடுகிறது. 'சைக்கோ' என்ற முன்னொட்டு செய்யும் வேலை அது. அதற்கு 'மனம் சார்ந்த' என்பதற்கு மேல் பொருள் கிடையாது. தமிழில் 'உளப்பாலியல் கோளாறு' என்கிறோம். பயப்பட வேண்டிய பெயர் இல்லை. ஆனால் குழப்பமான பெயர். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மூன்று விஷயங்களை அது ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறது.

விறைப்பு வராமல் தவிக்கும் ஒருவர், பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினம் தன்னுடையதல்ல என்று உணரும் திருநர், கூட்ட நெரிசலில் அந்நியர்கள்மேல் உரசி இன்பம் காண்பவர் என மூவரையும் ஒரே தலைப்பின்கீழ் வைத்த காலம் இருந்தது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம். கையேட்டின் மூன்றாம் பதிப்பில் 'உளப்பாலியல் கோளாறுகள்' என்பதே ஓர் அத்தியாயத்தின் பெயர். முதலாமவருக்கு வேண்டியது சிகிச்சை. இரண்டாமவருக்கு வேண்டியது அங்கீகாரமும், அவர் விரும்பினால் மருத்துவ உதவியும். மூன்றாமவரின் விஷயத்தில் பிறருடைய பாதுகாப்புதான் முதல் கேள்வி. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் வகைப்பாடு முழுவதும் தெளிவாகிவிடும். அதைத் தவறவிட்டால் எத்தனை குறியீட்டு எண்களை மனப்பாடம் செய்தாலும் பயனில்லை.

மூட்டை அவிழ்ந்த கதை

1987-இல் வந்த திருத்தப் பதிப்பிலேயே 'உள' என்ற ஒட்டு போய், 'பாலியல் கோளாறுகள்' என்று தலைப்பு சுருங்கியது. 1994-இல் நான்காம் பதிப்பு அதைப் 'பாலியல் மற்றும் பாலின அடையாளக் கோளாறுகள்' என்று மாற்றியது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் மூட்டையை முழுக்க அவிழ்த்தது. பாலியல் செயல்குறைபாடுகள், பாலினத் துயர் (குறிக்கப்பட்ட பாலினம் பொருந்தாததால் வரும் வேதனை), பிறழ்விச்சைக் கோளாறுகள் (வழக்கத்துக்கு மாறான பாலியல் ஈர்ப்பு சார்ந்தவை) என்று மூன்று தனித்தனி அத்தியாயங்கள் ஆயின.

எல்லா நோய்களையும் வகைப்படுத்தும், உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. பட்டியல் வேறு வழியில் வந்தது. அதன் பத்தாம் பதிப்பில் எஃப்52 என்பது உடல்நோயால் ஏற்படாத பாலியல் செயல்குறைபாடு. எஃப்64 பாலின அடையாளக் கோளாறுகள். எஃப்65 பாலியல் விருப்பக் கோளாறுகள். இவை எல்லாமே மனநோய்கள் அத்தியாயத்துக்குள்தான் இருந்தன. பல மருத்துவமனைச் சீட்டுகளில் இன்றும் கண்ணில் படுவது இந்த எண்கள்தான். எஃப்52.2 என்றால் விறைப்பு முதலான உறுப்பு எதிர்வினைக் குறைபாடு, எஃப்52.4 என்றால் விந்து முந்துதல், எஃப்52.5 என்றால் யோனித் தசை இறுக்கம்.

2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு 'பாலியல் நலம் தொடர்பான நிலைகள்' என்று புதிதாக ஓர் அத்தியாயத்தைத் திறந்தது. செயல்குறைபாடுகளும், உடலுறவு வலியும், பாலினப் பொருந்தாமையும் மனநோய்ப் பட்டியலை விட்டு அங்கே குடியேறின. பிறழ்விச்சைக் கோளாறுகள் மட்டும் மனநல அத்தியாயத்திலேயே இருக்கின்றன. பெயர்ப்பலகை மாறியதற்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று தோன்றலாம். 'இது மனநோய்' என்று எழுதப்பட்ட சீட்டு ஒருவருடைய வேலையை, காப்பீட்டை, குடும்பத்தில் அவருக்கு இருக்கும் மதிப்பை எப்படிப் பாதிக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கனம் புரியும்.

தன்பால் ஈர்ப்பின் கதையும் இதோடு சேர்ந்தது. 1973 டிசம்பரில் அமெரிக்கச் சங்கம் அதைத் தன் நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்தது. ஆனாலும் 1980 பதிப்பில் 'தன் மனதுக்கே ஒவ்வாத தன்பால் ஈர்ப்பு' என்ற பெயரில் அது பின்வாசல் வழியாகத் திரும்ப வந்து, 1987-இல்தான் போனது. உலக சுகாதார நிறுவனம் அதை நீக்கியது 1990 மே 17-இல். அது நோய் அல்ல. அதை 'மாற்றித் தருகிறேன்' என்று சொல்லும் எந்தச் சிகிச்சையும் சிகிச்சை அல்ல. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

குறைபாடு என்று எப்போது சொல்லலாம்?

ஒரு நாள் விறைப்பு வரவில்லை, ஒரு மாதம் ஆசை இல்லை என்பதெல்லாம் கோளாறு ஆகாது. டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பு மூன்று அளவுகோல்களை வைக்கிறது. சிக்கல் ஏறத்தாழ 6 மாதமாவது நீடிக்க வேண்டும். உறவு கொள்ளும் தருணங்களில் 75 முதல் 100 சதவீதம் வரை அது நிகழ வேண்டும். அதனால் அந்த நபருக்குக் குறிப்பிடத்தக்க மனவேதனை இருக்க வேண்டும். மூன்றாவது அளவுகோலைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஆசை குறைவாக இருந்தும் அதைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் நிறைவாக வாழ்பவருக்கு நோய்ப்பெயர் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. துணைவருக்கு ஆசை அதிகம், இவருக்குக் குறைவு என்பது இருவருக்கும் இடையிலான பொருத்தச் சிக்கல். அதில் ஒருவரை மட்டும் நோயாளி ஆக்குவது தவறு.

அடுத்து இரண்டு கேள்விகள். தொடக்கத்திலிருந்தே இருக்கிறதா, இடையில் வந்ததா? எல்லாச் சூழலிலும் இருக்கிறதா, குறிப்பிட்ட சூழலில் மட்டுமா? கேட்க எளிய கேள்விகள்தான். பாதி விடை இவற்றிலேயே கிடைத்துவிடும். விறைப்புக் குறைபாட்டையே எடுத்துக்கொள்வோம். ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், கனவு வரும் கட்டங்களில், ஓர் இரவுக்கு மூன்று முதல் ஐந்து முறை தானாக விறைப்பு வரும். காலையில் விழிக்கும்போது இருப்பது அதன் கடைசிப் பகுதி. காலை விறைப்பும் சுய இன்பத்தின்போது விறைப்பும் நன்றாக இருந்து, துணையுடன் மட்டும் வரவில்லை என்றால் ரத்தக் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. காரணத்தைப் பதற்றத்தில் தேட வேண்டும். மெல்ல மெல்ல, மாதக்கணக்கில், எல்லாச் சூழலிலும், காலை விறைப்பும் சேர்ந்தே குறைந்துகொண்டு வந்தால் முதலில் உடலைப் பரிசோதிக்க வேண்டும்.

மனமா உடலா என்ற கேள்வியே பழையது

எஃப்52-இன் அடிப்படைச் சிக்கல் அதன் தலைப்பிலேயே இருக்கிறது: 'உடல்நோயால் ஏற்படாத'. நடைமுறையில் அப்படித் தனியாகப் பிரிவது அரிது. சர்க்கரை நோயால் விறைப்பு சற்றுத் தளர்கிறது. ஒருமுறை தோற்றவர் அடுத்த முறை தன் உடலையே கண்காணிக்கத் தொடங்குகிறார். 'வருகிறதா, போகிறதா' என்று உள்ளே ஒரு பார்வையாளர் உட்கார்ந்துகொள்கிறார். பதற்றத்தில் அட்ரினலின் ஏறுகிறது. அது ஆண்குறியின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இப்போது இது உடல் சிக்கலா, மனச் சிக்கலா? இரண்டும்தான்.

ஐ.சி.டி. பதினோராம் பதிப்பு இந்த வெட்டுக்கோட்டை அழித்துவிட்டது. முதலில் குறைபாட்டைக் குறிக்க வேண்டும். பிறகு அதற்குப் பங்களிக்கும் காரணிகளை, எத்தனை இருந்தாலும், துணைக் குறிப்பாகச் சேர்க்க வேண்டும். உடல்நோய் அல்லது அறுவைச் சிகிச்சை, மனநிலை, மருந்து அல்லது போதைப்பொருள், பாலியல் அறிவோ அனுபவமோ இல்லாமை, உறவுச் சிக்கல், பண்பாட்டுக் காரணம் என ஆறு காரணிகள். இவற்றில் அறிவின்மை தனிக் காரணியாக இடம் பெற்றது பெரிய முன்னேற்றம். சுய இன்பத்தால் உடல் அழிந்துவிடும், விந்து போனால் பலம் போய்விடும் என்ற அச்சத்தோடு வருபவர்களில் பலருக்கு மாத்திரையே தேவைப்படாது. அரை மணி நேரம் பொறுமையாகக் கொடுக்கும் சரியான விளக்கம் போதும்.

மருந்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மருந்துகள் உச்சத்தைத் தாமதப்படுத்தும், சிலருக்கு முழுக்கத் தடுக்கும். ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்துகள் புரோலாக்டின் ஹார்மோனை உயர்த்தி ஆசையைக் குறைக்கும். ரத்த அழுத்தத்துக்கான சில பீட்டா பிளாக்கர்கள், தயசைடு நீரிறக்கிகள், ஸ்பைரோனோலாக்டோன், முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டெரைடு, ஓபியாய்டு வலிநிவாரணிகள், மது எல்லாமே பட்டியலில் உண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மனச்சோர்வு மருந்தைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரலாம், பழைய நோயும் திரும்பலாம். அளவைக் குறைப்பது, புப்ரோபியான் அல்லது மிர்டாசபின் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவது எனப் பல வழிகள் உண்டு. மருத்துவரிடம் வாய்திறந்து சொன்னால்தான் அந்த வழி திறக்கும்.

செயல்குறைபாடுகள், ஒவ்வொன்றாக

1960-களில் அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் ஆய்வகத்தில் அளந்து சொன்ன, பாலியல் எதிர்வினையின் நான்கு கட்டங்கள் கிளர்ச்சி, சமநிலை, உச்சம், தணிவு. ஆசை என்ற கட்டம் அதில் இல்லை. 1970-களில் பாலியல் சிகிச்சையாளர் ஹெலன் சிங்கர் கப்லான்தான் அதை முன்னால் சேர்த்தார். இன்றைய பிரிவுகள் இந்தக் கட்டங்களை ஒட்டியவை. ஆசையில் தடை, கிளர்ச்சியில் தடை, உச்சத்தில் தடை. இவற்றுக்கு வெளியே வலி.

ஆனால் ஆசை முதலில், கிளர்ச்சி பிறகு என்ற நேர்க்கோடு எல்லோருக்கும் பொருந்துவதில்லை. நெருக்கத்துக்காகத் தொடுகையை ஏற்று, உடல் கிளர்ந்த பிறகே ஆசை எழுவது பலருக்கு, குறிப்பாக நீண்டகால உறவில் இருக்கும் பெண்களுக்கு, இயல்பு. 2000 வாக்கில் கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாசன் முன்வைத்த வட்ட மாதிரி இதைத்தான் சொன்னது. அதையொட்டி டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பு பெண்களின் ஆசைக் குறைவையும் கிளர்ச்சிக் குறைவையும் ஒரே கோளாறாக இணைத்தது. ஐ.சி.டி. பதினொன்று இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. இதில் ஐ.சி.டி.யின் முடிவே நடைமுறைக்கு உகந்தது: ஆசை இருந்தும் ஈரப்பசை இல்லாத பெண்ணுக்குச் செய்ய வேண்டியது வேறு, ஆசையே இல்லாதவருக்குச் செய்ய வேண்டியது வேறு.

விறைப்புக் குறைபாட்டில் எச்சரிக்கை மணி ஒன்று உண்டு. ஆண்குறித் தமனியின் குறுக்களவு 1 முதல் 2 மி.மீ.; இதயத் தமனிக்கு 3 முதல் 4 மி.மீ. ரத்தக் குழாய் நோய் வந்தால் சிறிய குழாய் முதலில் தடுமாறும். அதனால் நடுவயதில் புதிதாக வரும் விறைப்புக் குறைபாடு, மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னோடியாக வரும் அறிகுறியாக இருக்கலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது அரைகுறை மருத்துவம். டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைக்கான ரத்தத்தைக் காலை 11 மணிக்குள் எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும். மாலையில் எடுத்த ஒற்றை முடிவை வைத்து ஹார்மோன் ஊசி தொடங்குவது கூடாது.

விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை பயனளிக்கவில்லை என்பவர்களில் பலர் அதைச் சாப்பிடும் முறையில் தவறியிருப்பார்கள். வழக்கமான தொடக்க அளவு 50 மி.கி., உறவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் உறிஞ்சப்படுவது தாமதமாகும். மாத்திரை தானாக விறைப்பைத் தராது; கிளர்ச்சி வேண்டும். ஒன்றிரண்டு முறை முயன்று கைவிடாமல், சரியான முறையில் ஆறு முதல் எட்டு முறையாவது பார்த்த பிறகே தோல்வி என்று முடிவு செய்ய வேண்டும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகச் சரியும். நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு தணியாவிட்டால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

விந்து முந்துதலில் எண் முக்கியம். டி.எஸ்.எம். வரையறைப்படி, உள்நுழைந்து ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள், விரும்புவதற்கு முன்பே வெளியேறுவது. 2005-இல் ஐந்து நாடுகளில் தம்பதியரே கடிகாரம் வைத்து அளந்த ஆய்வில் இடைநிலை நேரம் 5.4 நிமிடம். ஆபாசப் படங்களைப் பார்த்து அரை மணி நேரம்தான் இயல்பு என்று நம்பி, ஐந்து நிமிடம் நீடிப்பதை நோயாக எண்ணிச் செலவழிப்பவர்கள் ஏராளம். உண்மையிலேயே ஒரு நிமிடத்துக்குள் என்றால் 'நிறுத்தித் தொடங்கும்' பயிற்சி உண்டு. கிளர்ச்சியைப் பத்துக்கு மதிப்பிட்டு, ஏழாம் நிலைக்கு வரும்போது நிறுத்த வேண்டும். அரை நிமிடம் தணிய விட்டு மறுபடி தொடங்க வேண்டும். மூன்று முறை நிறுத்தி, நான்காவது முறை வெளியேற விடலாம். முதலில் தனியாக, உலர்ந்த கையால், பிறகு வழுக்குக் களிம்போடு, அதன்பின் துணையோடு. பயிற்சி தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ஒன்பதில் போய் நிறுத்தப் பார்ப்பது. ஒன்பதுக்குப் பிறகு நிறுத்த முடியாது. தேவையானால் டேபாக்செட்டின் என்ற மாத்திரையை 30 மி.கி. அளவில் உறவுக்கு 1 முதல் 3 மணி நேரம் முன்பு கொடுப்பார்கள்.

உடலுறவு வலியில் முதல் வேலை உடற்காரணங்களைத் தேடுவது. தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), மாதவிடாய் நின்ற பிறகோ பாலூட்டும்போதோ ஈஸ்ட்ரோஜன் குறைந்து வரும் வறட்சி, யோனி வாயிலின் மிகையுணர்வு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். 'மனசுல பயம், பழகினா சரியாயிடும்' என்று பெண்ணைத் திருப்பி அனுப்புவது பெரிய அநீதி. தசை இறுக்கம்தான் சிக்கல் என்றால் யோனிக்குள் வைக்கும், படிப்படியாகப் பருமன் கூடும் விரிப்பான்கள் உதவும். மிக மெல்லியதில் தொடங்கி, களிம்போடு, பெண்ணே தன் கையால், மூச்சை வெளியே விட்டபடி, பத்துப் பதினைந்து நிமிடம். வலியே இல்லாத நிலை வந்த பிறகே அடுத்த அளவு. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, இடுப்புத்தளத்தை வலுப்படுத்தும் கீகல் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பது. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை மேலும் இறுக்கினால் வலி கூடவே செய்யும். கற்க வேண்டியது தளர்த்துவதை.

பதற்றம் எந்தக் குறைபாட்டில் இருந்தாலும் தொடுகைப் பயிற்சி பயன்படும். முதல் கட்டத்தில் மார்பும் பிறப்புறுப்பும் தவிர மற்ற இடங்களை மட்டும் மாறி மாறித் தொடுவது; உடலுறவுக்கு முழுத் தடை. அடுத்த கட்டத்தில் அந்த இடங்களும் சேரும், தடை தொடரும். பிறகு அசைவில்லாத உள்நுழைவு. கடைசியில்தான் இயல்பான உறவு. பயிற்சி எங்கே உடையும் என்றால், விறைப்பு வந்த முதல் நாளே 'வந்துவிட்டதே' என்று தடையை மீறும்போது. அந்த நாளில் உறவு தோற்றால் பழைய பயம் இரட்டிப்பாகத் திரும்பும்.

பிறழ்விச்சை: விசித்திரம் வேறு, கோளாறு வேறு

வழக்கத்துக்கு மாறான ஈர்ப்பு இருப்பதே கோளாறு அல்ல. டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பு பிறழ்விச்சை, பிறழ்விச்சைக் கோளாறு என்று இரண்டாகப் பிரித்தது. இச்சை அந்த நபருக்கு வேதனையோ வாழ்க்கைப் பாதிப்போ தர வேண்டும், அல்லது அதை நிறைவேற்றுவது பிறருக்குத் தீங்காக வேண்டும், அப்போதுதான் கோளாறு. ஐ.சி.டி. பதினொன்று இன்னும் கூர்மையானது. பிறர் சம்மதம் என்பதையே அச்சாக வைத்தது. உறுப்பைக் காட்டுதல், ஒளிந்து பார்த்தல், குழந்தைகள்மீதான பாலியல் இச்சை, வற்புறுத்திக் கொடுமைப்படுத்தி இன்பம் காணுதல், உரசுதல் ஆகியவற்றுக்குத் தனிப்பெயர் உண்டு. பொருள்மோகம், எதிர்பாலின உடை அணிந்து கிளர்ச்சி அடைதல், இருவர் சம்மதத்தோடு நிகழும் வலி விளையாட்டு ஆகியவை பெயர் சொல்லும் பட்டியலிலிருந்து போய்விட்டன. அவை கடுமையான வேதனையோ காயமோ உயிராபத்தோ தந்தால் மட்டும் பொதுவான ஒரு பிரிவில் குறிக்கலாம்.

குற்றமும் கோளாறும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாலியல் குற்றம் செய்பவர்கள் எல்லோருக்கும் பிறழ்விச்சைக் கோளாறு இருப்பதில்லை. வாய்ப்பும் அதிகாரமும் போதையும் சேர்ந்து நடப்பவை பல. நீடித்த, ஆழ்ந்த கிளர்ச்சிப் பாங்கு இருக்க வேண்டும் என்று வரையறை கேட்பது இதற்காகத்தான். நோய்ப்பெயர் குற்றத்துக்கு மன்னிப்புச் சீட்டும் அல்ல. குழந்தைகள்மீது இச்சை இருந்து, அதன்படி நடக்காமல், உதவி கேட்டு வருபவருக்குச் சிகிச்சை உண்டு: அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள், தேவைப்பட்டால் ஆண் ஹார்மோனைக் குறைக்கும் மருந்துகள், குழந்தைகளோடு தனித்திருக்கும் சூழலைத் தவிர்க்கும் திட்டம். அவர் வந்து கேட்கும்போது கதவைச் சாத்தினால் ஆபத்து குழந்தைகளுக்குத்தான்.

இதோடு குழம்பிக்கொள்ளும் வேறொரு நிலை இருக்கிறது. இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். 'குழந்தையைப் பார்த்தால் தப்பான எண்ணம் வருகிறது, நான் அப்படிப்பட்டவனா?' என்று நடுங்கி வருபவர்களில் பலருக்கு இருப்பது எண்ணச் சுழல் நோய், அதாவது ஓ.சி.டி. அந்த எண்ணம் அவர்களுக்கு இன்பம் தருவதில்லை. அருவருப்பையும் பீதியையும் தருகிறது. கிளர்ச்சி வருகிறதா என்று உடலைத் திரும்பத் திரும்பச் சோதிப்பார்கள், குழந்தைகளைக் கண்டால் விலகி ஓடுவார்கள், 'நான் நல்லவன்தானே' என்று உறுதிமொழி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இவர்களுக்குப் பிறழ்விச்சை முத்திரை குத்துவது நோயைப் பல மடங்கு ஆக்கும். வேண்டியது ஓ.சி.டி.க்கான சிகிச்சை.

அடக்க முடியாத பாலியல் நடத்தை

ஐ.சி.டி. பதினொன்றில் இது புதிது, உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளின் கீழ் வருகிறது. டி.எஸ்.எம்.மில் இல்லை. ஆறு மாதமோ அதற்கு மேலோ உந்துதலை அடக்க முடியாமல், உடல்நலமும் வேலையும் உறவுகளும் கெட்டும் நிறுத்த முடியாமல் இருப்பது இதன் அடையாளம். ஒரு முக்கியமான விலக்கு உண்டு: ஒழுக்கக் குற்றவுணர்வு மட்டுமே வேதனைக்குக் காரணம் என்றால் இந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது. வாரத்துக்கு இரண்டு முறை சுய இன்பம் செய்துவிட்டுப் பாவம் என்று அழுபவர் இதற்குள் வரமாட்டார். திடீரென்று ஆசை பெருகி, தூக்கம் குறைந்து, பேச்சும் செலவும் கூடினால் முதலில் பித்தெழுச்சியை, அதாவது மனநிலை அளவுக்கு மீறி எழும்பும் 'மேனியா'வைச் சந்தேகிக்க வேண்டும்.

பாலினப் பொருந்தாமை

உணரும் பாலினத்துக்கும் பிறப்பில் குறித்த பாலினத்துக்கும் இடையே தெளிவான, தொடர்ந்த முரண் இருப்பதே வரையறை. பெண்போல் நடப்பதோ ஆண் உடை அணிவதோ மட்டும் வரையறைக்குப் போதாது என்று ஐ.சி.டி. வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பருவம் எய்தாத குழந்தையிடம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாவது அது நீடித்திருக்க வேண்டும். மனநோய் அல்ல என்றால் பட்டியலில் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது நியாயம். குறியீடே இல்லாவிட்டால் ஹார்மோன் சிகிச்சைக்கும் அறுவைக்கும் பல சுகாதார அமைப்புகளில் வழி அடைபடும், அதற்காகவே வைத்திருக்கிறார்கள். மகப்பேறுக்கும் குறியீடு இருக்கிறது, அது நோய் இல்லையே.

முதல் முறை மருத்துவரிடம் போகும்போது

எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயரும் அளவும், சிக்கல் தொடங்கிய மாதம், அதே காலத்தில் வாழ்க்கையில் நடந்த மாற்றம், காலை விறைப்போ தனியாக இருக்கும்போது உச்சமோ உண்டா இல்லையா, வலி என்றால் வாயிலிலா ஆழத்திலா. இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டினால் போதும். துணையோடு போனாலும் இருவரையும் சற்று நேரம் தனித்தனியாகப் பேச விடும்படி கேளுங்கள். வன்முறையோ கட்டாயமோ இருக்கும் வீட்டில் பக்கத்தில் துணை உட்கார்ந்திருக்கும்போது எந்தக் கேள்விக்கும் உண்மையான பதில் வராது.